ஊரான் போட்டில் ஏறினேன்

எங்கள் போட்டுக்கு என் பெயர்தான். வெள்ளை ஃபைபர் போட்டு. இரண்டு பக்கமும் நீலத்தில் கொட்டை எழுத்தில் 'அஞ்சலாட்சி' என்று எழுதியிருக்கும். காற்று இல்லாத நாளெல்லாம் என் பெயர் கடலுக்குப் போய் வருகிறது. நான் ஒரு நாளும் போனதில்லை. எங்கள் குப்பத்தில் பெண்கள் போட்டில் ஏறுவது வழக்கமில்லை. மீன் கூடை தூக்கலாம், வலையிலிருந்து நண்டு பிய்த்து எடுக்கலாம், ஏலத்தில் நின்று சண்டை போடலாம். போட்டு மணலில் சும்மா நிற்கும்போதுகூட அதில் கால் வைக்கக் கூடாது. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் நனைவது மாசி மகத்தன்று மட்டும்தான்.

இதை ஆபீசில் யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை. மரக்காணத்தில் உப்பு அரைத்துப் பாக்கெட் போடுகிற ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலை எனக்கு. அங்கே எல்லோருக்கும் நான் கடற்கரைக்காரப் பொண்ணு. சங்கரா மீன் விலை என்ன, புயல் வருமா வராதா, அலை ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று எது கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவைப்பேன். பாதி வீட்டுக்காரர் சொன்னது, மீதி நானே விட்டது.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளெல்லாம் ஒரே குளமாகி, கொக்கும் நாரையும் வந்து நின்றுகொள்ளும். நாங்கள் ஆபீசில் ஈ ஓட்டுவோம். அப்படி ஒரு நாளில்தான் முதலாளியின் மகன் கார்த்திக் சார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, எல்லோரும் டீம் பில்டிங் போகிறோம் என்றார். அவர் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தவர். எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைப்பார். இலங்கையில் கித்துல்கல என்று ஓர் ஊராம். அங்கே பாறைகளுக்கு நடுவே நுரை கக்கிக்கொண்டு ஓர் ஆறு ஓடுகிறதாம். காற்றடித்த ரப்பர் போட்டில் ஆளுக்கொரு துடுப்போடு உட்கார்ந்து அதில் இறங்கினால் எங்களுக்குள் ஒற்றுமை வருமாம். எங்கள் ஒற்றுமைக்கு என்ன குறைச்சல்? அவரைப் பற்றிப் பேசும்போது அத்தனை பேரும் ஒரே குரலில்தான் பேசுவோம்.

அடுத்து அவர் சொன்னதுதான் வம்பு. "அஞ்சலாட்சிதான் நம்ம கேப்டன். அவங்களுக்குத் தண்ணி இன்னா புதுசா?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கிங் செக்‌ஷன் பர்வீன், என் சிநேகிதி, ஏதோ தானே கேப்டன் ஆனதுபோல என்னைப் பார்த்துப் பூரித்தாள். சார், நான் ஜென்மத்தில் போட்டில் ஏறியதில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் பில் போட்டதில் ஒருத்தராவது எனக்குக் கை தட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். யாரும் தட்டியதில்லை, அதனால் வாய் தானாக மூடிக்கொண்டது.

வீட்டில் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். முதலில் நல்ல மூடில்தான் இருந்தார். "அந்தப் பக்கம் போட்ல போறவனையெல்லாம் புடிச்சி உள்ள வெக்கிறான். நீ ஃப்ளைட்ல போனா மட்டும் மாலை போடுவானா?" என்று சிரித்தார். ஆற்றில் போட்டில் ஏற வேண்டியிருக்கும் என்றதும் கையில் ஊசி நின்றுவிட்டது.

"என் போட்லயே ஏறாதவ, ஊரான் போட்ல ஏறப் போறியா?"

"நீங்க எங்க ஏத்துனீங்க?" என்றேன்.

அது ஊர் வழக்கம் என்றார். ஆற்றுப் போட்டுக்கு நம் ஊர் வழக்கம் கிடையாது என்றேன் நான். அதோடு பேச்சு நின்றது. வழக்கமாக அவருக்குக் கோபம் வந்தால் கத்துவார், தட்டைத் தள்ளுவார், டீ கொதிப்பதற்குள் சரியாகிவிடுவார். இது அப்படி இல்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று என் பெட்டியை அவரே தூக்கிவந்து வேனில் ஏற்றினார். முகத்தை மட்டும் உப்பளத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனுக்காக அழுகிறோமே என்று ஆத்திரமும் வந்தது.

கொழும்பில் இறங்கியதுமே எங்கள் அக்கவுண்டன்ட் ராமலிங்கம் சாரைக் கஸ்டம்ஸில் பிடித்துவிட்டார்கள். அவர் பெருமுக்கல்காரர், வெளியூர் உப்பை நம்பாதவர். வேட்டிக்குள் சுருட்டி ஒரு பை நிறைய நம் ஊர்க் கல்லுப்பு கொண்டுவந்திருந்தார். அதிகாரி அதை மோந்து பார்த்தார், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ராமலிங்கம் சாருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு நறநறவென்று மென்று காட்டினார். கண்ணில் நீர் கோத்தது, ஆனாலும் மென்றார். அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வரிசையில் நின்ற கொழும்புத் தமிழர் ஒருவர் எங்களுக்கு அர்த்தம் சொன்னார். சுற்றிலும் கடல் உள்ள தேசத்துக்கு இந்தப் பெரியவர் உப்பு சுமந்து வந்திருக்கிறார், பாவம், விடு என்றாராம்.

உப்புக் கம்பெனிக்காரர்களைச் சாப்பிடக் கூட்டிப்போகவே கூடாது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் என்று தட்டு நிறைய வைத்தால், எல்லோரும் முதலில் நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்து, இது தூள் உப்பு, இது பழைய உப்பு என்று தீர்ப்பு சொன்னார்கள். பரிமாறியவர் எங்களைச் சாப்பாட்டு இன்ஸ்பெக்டர்கள் என்று நினைத்துக் கடை முதலாளியைக் கூட்டிவந்துவிட்டார். எனக்கு ஆச்சரியம் மாசிக் கருவாடுதான். எங்கள் ஊரில் சூரை மீன் மலிந்தால் பூனைகூட யோசித்துத்தான் வாய் வைக்கும். இங்கே அதையே விறகுக் கட்டை மாதிரி காயவைத்து, சீவி, சம்பலில் தூவுகிறார்கள். அமிர்தம். பர்வீன் மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

பர்வீன் கோட்டக்குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவரும் வீடியோ காலில் எங்களோடு இலங்கைக்கு வந்தார் என்றே சொல்லலாம். சம்பலைக் காட்டு, ரூமைக் காட்டு, ஜன்னலைக் காட்டு என்று ஓயாமல் கூப்பிட்டார். அவள் அலுத்துக்கொண்டே காட்டினாள். என் போன் ஒரு தரமும் அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று நான்தான் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் மலைப் பயணம். வேன் ஓட்டிய செல்வம் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர். நல்ல மனுஷன், வேன்தான் சரியில்லை. ஒரு மேட்டில் ஏறும்போது இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. இறங்கினோம். அதே நேரம் மழை கொட்டியது. மழையைக் கண்டதும் ராமலிங்கம் சார் தன்னை மறந்து "டேய், தார்ப்பாய எடுங்கடா!" என்று கத்தினார். அங்கே மூடுவதற்கு உப்புக் குவியல் ஏது? ஆனாலும் லோடிங் ஆட்கள் இரண்டு பேர் பழக்க தோஷத்தில் ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்புறம் எல்லோருமாக வேனைத் தள்ளினோம். கார்த்திக் சார் குடை பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தார். இதுதான் டீம் வொர்க் என்றார். பர்வீன் மூச்சு வாங்கிக்கொண்டே, நீங்களும் வந்து தள்ளினால் டீம் இன்னும் பெரிதாகும் சார் என்றாள். டீக்கடையில் நின்ற இருவர் எங்களைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன என்று செல்வத்தைக் கேட்டேன். வேன் தள்ளுவதற்கு இங்கே ஆள் கிடைக்காமல் இந்தியாவிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள் போல என்கிறார்களாம்.

சாயங்காலம் விடுதிக்குப் பின்னால் அந்த ஆற்றைப் பார்த்தேன். கடல் எவ்வளவு பொல்லாதது என்றாலும் ஓர் அலை வந்தால் திரும்பிப் போகும். நடுவில் நமக்கு மூச்சு விட நேரம் கொடுக்கும். இது வந்துகொண்டே இருந்தது. மழையில் பழுப்பாகப் பெருகி, பாறையில் மோதி, ஆள் உயரத்துக்கு எழும்பியது. வழிகாட்டி சமிந்த, சுருட்டை முடி இளைஞன், மழைக்கு நன்றி, நாளைக்கு அருமையாக இருக்கும் என்று கையைத் தேய்த்துக்கொண்டான். மழைக்கு நன்றி சொல்கிற ஆளை எங்கள் கம்பெனியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அதற்கு மேல் தாங்காமல் பர்வீனிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா! உன்னை நம்பித்தான்டி நான் அவருகிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வந்தேன்."

இப்போதே போய் கார்த்திக் சாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் ஏறவில்லை என்றால் ஒருத்தரும் ஏற மாட்டார்கள், எல்லோரும் என் முகத்தைப் பார்த்துத்தான் இருக்கிறார்கள், பேசாமல் இரு என்றாள். அவள் சொன்னது நிஜம்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வீட்டுக்கு நானே போன் போட்டேன். சாப்பிட்டீங்களா என்றேன், ம் என்றார். கடல் எப்படி என்றேன், புயல் சின்னம், யாரும் போகவில்லை என்றார். "ஏறிட்டியா?" என்றார். நாளைக்கு என்றேன். வைத்துவிட்டார்.

விடிந்தது. தலையில் ஹெல்மெட், உடம்பில் மிதவை ஜாக்கெட், கையில் துடுப்பு. கார்த்திக் சார் ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருந்தார். மஞ்சள் ரப்பர் போட்டு கரையோரம் குதித்துக்கொண்டு நின்றது. கேப்டன் முதலில் ஏறட்டும் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். நான் போட்டுப் பக்கத்தில் போனேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷமாகத் தினமும் கரையில் நின்று பார்த்ததை என் உடம்பு தானாகச் செய்தது. காலில் இருந்த ஷூவைக் கழற்றிக் கரையில் ஓரமாக வைத்தேன். போட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆற்றுத் தண்ணீரை மூன்று தரம் அள்ளி அதன் மூக்கில் தெளித்தேன். எங்கள் குப்பத்தில் செருப்புக் காலோடு போட்டில் ஏறினவனை நான் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தால், எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் செய்தால் அதில் விஷயம் இருக்கும் அல்லவா? எல்லோரும் போட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பர்வீன்கூடத் தண்ணீர் தெளித்தாள். ராமலிங்கம் சார் இடுப்பிலிருந்த அந்தக் கல்லுப்புப் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து, எங்கள் எல்லோரையும் மூன்று சுற்று சுற்றி, திருஷ்டி கழியட்டும் என்று ஆற்றில் வீசினார். பக்கத்துப் போட்டில் ஏற நின்ற வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் குனிந்து ஷூக்களை அவிழ்த்து, கை கூப்பி நின்றார்கள். அதில் ஓர் அம்மாள் ராமலிங்கம் சாரிடம் வந்து தலையைக் குனிந்து காட்ட, அந்த அம்மாளுக்கும் அவர் உப்பு சுற்றிப் போட்டார்.

தன் துடுப்பை எடுக்கப் போயிருந்த சமிந்த திரும்பி வந்து, கரையில் கோயில் வாசல் மாதிரி ஷூக்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தான். "அக்கா! சப்பாத்து! சப்பாத்து!" என்று தலையில் கை வைத்துக் கத்தினான். ஷூவுக்கு அங்கே அதுதான் பெயர். பாறை காலைக் கிழித்துவிடும், போடாமல் ஏறவே கூடாது என்று விளக்கினான். மறுபடி எல்லோரும் போட்டு முடிப்பதற்குள் ஷூ மாறி, சண்டை வந்து, கார்த்திக் சார் ஒரு வெள்ளைக்காரருடைய இடது ஷூவோடுதான் கடைசி வரை இருந்தார்.

ஏறினேன். முன்னால் இடது பக்கம் நான், வலது பக்கம் பர்வீன். பின்னால் ராமலிங்கம் சார், கார்த்திக் சார், லோடிங் ஆட்கள் இரண்டு பேர். கடைசியில் சமிந்த. கொஞ்ச தூரம் ஆறு சாதுவாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது முன்னால் ஆறு காணாமல் போனது. அது பள்ளத்தில் இறங்குகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். சமிந்த பின்னாலிருந்து இங்கிலீஷில் ஏதேதோ உத்தரவு போட்டான். ஒருத்தர் முன்னால் தள்ள, ஒருத்தர் பின்னால் தள்ள, போட்டு பம்பரமாகச் சுற்றியது. எல்லோரும் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர்ச் சுவர் என் முகத்தில் அடித்தது. வாய் நிறையத் தண்ணீர். அதில் உப்பே இல்லை. ஐயோ, நம் தண்ணியில்கூட இல்லையே, யாரோ ஊர்த் தண்ணியில் சாகிறோமே என்று தோன்றியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"சேகரு!"

அது எங்கள் வீட்டுக்காரர் பெயர். அதுவரை நான் வாயால் சொன்னதில்லை. 'இந்தாங்க' என்பேன், 'தோ பாருங்க' என்பேன். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். இப்போது ஒரு தரம் வந்தது நிற்கவில்லை. சேகரு, சேகரு என்று கத்திக்கொண்டே துடுப்பால் தண்ணீரை அடித்தேன். பர்வீனுக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனாலும் பயத்தில் அவளும் என்னோடு சேர்ந்து சேகரு என்று ஒரு தள்ளு தள்ளினாள். பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டது. "சே" என்றால் துடுப்பை நீட்டு, "கரு" என்றால் இழு. ராமலிங்கம் சார் வெண்கலக் குரலில் எடுத்துக் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் சேகரு, சேகரு என்று தள்ள, போட்டு நேராகி, தலை குப்புற இறங்கி, மேலே எழும்பி, வெளியே வந்துவிட்டது. எனக்குப் பின்னாலிருந்து சமிந்தவும் சேகரு என்று கத்தியது கேட்டது.

கரை ஏறியதும் கார்த்திக் சார் என்னிடம் வந்து, சேகர் என்பது மீனவர்கள் துடுப்புப் போடும்போது சொல்கிற பழைய சொல்லா, எந்தக் காலத்திலிருந்து வழக்கத்தில் இருக்கிறது என்று விசாரித்தார். "அது அவ வீட்டுக்காரர் பேரு சார்" என்றாள் பர்வீன். எனக்கு ஆற்றிலேயே போயிருக்கலாம் என்று இருந்தது. நான் போட்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை என்றும் அப்போதே போட்டு உடைத்தேன். யாரும் நம்பவில்லை. கேப்டனுக்கு எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று கை தட்டினார்கள்.

மத்தியானமே வீடியோ ஆபீஸ் குரூப்பில் வந்தது. சாயங்காலத்துக்குள் எங்கள் குப்பத்துக்குப் போய்விட்டது. போன் போட்டேன். "பாத்தேன்" என்றார் வீட்டுக்காரர். வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை நான் ஊர் வந்து சேரும் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. பர்வீன் வாங்கிக் கொடுத்த, அந்த ஊர்க் கித்துல் பனை வெல்லம்கூட வாயில் இனிக்கவில்லை.

மரக்காணத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. போட்டுகளெல்லாம் மணல்மேட்டுக்கு ஏறியிருந்தன. அவர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மத்தி வறுத்து வைத்திருந்த தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் சாப்பிடும் வரை காத்திருந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊரே என்னைக் கேக்குது. உன் போட்ல ஏறாதவ அங்க போயி ஏறிட்டாளேன்னு. கல்யாணம் ஆனதிலேர்ந்து உன் பேர எழுதித்தான் ஓட்டுறேன்."

அவர் குரல் உடைந்திருந்தது. வழக்கம் மீறியதற்கு இல்லை இந்த வருத்தம். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவர் போன் ஒரு தரம் கடல் தண்ணீரில் விழுந்ததிலிருந்து அதில் ஸ்பீக்கர் வேலை செய்யாது, காதில் வைத்துப் பேசினால் மட்டும் கேட்கும். மனுஷன் வீடியோவை ஊமைப் படமாகத்தான் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி உன் பேரைச் சொல்லிக் கத்தினாள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை போல. நான் கை கழுவிவிட்டு வந்து, என் போனில் சத்தத்தை முழுக்க வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

ஆறு இரைந்தது. பிறகு என் அலறல். பிறகு பர்வீன். பிறகு எல்லோரும். சின்னப் போனிலிருந்து ஆறேழு குரல் சேர்ந்து சேகரு, சேகரு என்று வீட்டை நிறைத்தது. அவர் முதலில் பயந்து வாசலைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"யாரு அந்தப் பெரியவரு, இப்படிக் கத்துறாரு?"

அக்கவுண்டன்ட் என்றேன்.

"அவருக்கு எப்படி என் பேரு தெரியும்?"

"நான் சொன்னேன்ல, அதைக் கேட்டுட்டுத்தான்."

"நீ எப்ப என் பேரச் சொன்ன?"

"சாவப் போறேன்னு நெனச்சப்போ."

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். வெகுநேரம் திரும்பவில்லை. தூறல் விட்டது. வாசலில் நிழல் தெரிந்தது.

"இஞ்சின்ல ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

எனக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். ஈர மணலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். போட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கை கொடுத்தார். என் பெயருக்கு மேலே கால் வைத்து ஏறி, முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் பின்னால் இஞ்சின் பக்கம் உட்கார்ந்தார். யாராவது கேட்டால் ரிப்பேர் என்று சொல்லு என்றார். யாரும் கேட்கவில்லை. இருட்டும் வரை இரண்டு பேரும் அப்படியே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

புயல் கரை கடந்து, போட்டுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. மணலில் போட்டைத் தள்ளும்போது இப்போதெல்லாம் எங்கள் குப்பத்து ஆண்கள் வேண்டுமென்றே சேகரு, சேகரு என்றுதான் தள்ளுகிறார்கள். அவர் திட்டுகிறார், ஆனால் நிறுத்தச் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒரு தரம் இஞ்சினில் சத்தம் வருகிறது.